காட்டில் எடுத்து வைத்த கைப்பிடி அரிசி

வான்முவால்
14 செப்டம்பர் 2021

ஸோவிக்கு,

கிமி அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போட்டுவிடாதே. ஒன்பது வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எதற்கு எழுதுகிறாள் என்று நீ கேட்பாய். கேட்க உனக்கு உரிமை உண்டு.

எல்லை ஆற்றைக் கடந்து உங்கள் பக்கம் வந்து உப்பும் சர்க்கரையும் விற்கும் தாரியை உனக்குத் தெரியும். உங்கள் மலையில் போன் எதுவும் வேலை செய்யவில்லை என்று அவள்தான் சொன்னாள். உன் வீட்டுக்காரரைப் பள்ளிக்கூடத்திலிருந்தே பர்மியப் படைக்காரர்கள் பிடித்துப் போனதையும் அவள்தான் சொன்னாள். நான் அப்போது அரிசி களைந்துகொண்டிருந்தேன். தண்ணீரோடு அரிசியையும் சேர்த்துக் கொட்டிவிட்டேன்.

இரண்டு நாளாக உங்கள் பக்கத்து மலை உச்சியில் புகை தெரிகிறது. காடு வெட்டி எரிக்கிற மாதம் இது இல்லை என்று உன் அத்தான் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம்.

உங்கள் பக்கத்திலிருந்து ஆட்கள் தினமும் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஆற்றங்கரைப் பள்ளியில் பதினான்கு நாள் வைத்திருந்து, காய்ச்சல் இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஊருக்குள் விடுகிறார்கள். ஒவ்வொரு கூட்டம் வரும்போதும் வேலிக்கு வெளியே நின்று முகம் முகமாகப் பார்க்கிறேன். பிறகு யாரும் கவனிக்காத மாதிரி வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நீ அந்தச் சபையில் சேர்ந்து ஆற்றில் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தபோது, "அப்பா மடியில வச்சுத் தெளிச்ச தண்ணி உனக்குப் பத்தலையா?" என்று கேட்டேன். எல்லாரும் இருக்கும்போது கேட்டேன். அப்பா இறந்தபோது அடக்கம் முடிந்த பிறகுதான் உனக்கு ஆள் அனுப்பினேன். வழி தூரம், வந்து சேரமாட்டாய் என்று மற்றவர்களிடம் சொன்னேன். உண்மை அது இல்லை.

இதையெல்லாம் நேரில் பேசி முடிக்கலாம். நீ வா. கையில் என்ன இருக்கிறதோ அதோடு வா.

அக்கா
கிமி

—

காட்டில்
22 செப்டம்பர்

அக்கா,

உன் கடிதம் ஈரமாகி வந்தது. கடைசி நான்கு வரியை நெருப்பருகே காயவைத்துத்தான் படித்தேன்.

நாங்கள் ஊரில் இல்லை. இருபது நாளாக மூங்கில் பள்ளத்தாக்கில் தார்ப்பாய் கட்டி இருக்கிறோம். நடக்கத் தெம்புள்ள குடும்பங்கள் உங்கள் பக்கம் போய்விட்டன. முப்பத்து நான்கு பேர் மிச்சம். அதில் பதினொரு பேர் எழுந்து நடக்க முடியாத கிழவர்கள். மூப்பர் துவாலாவுக்கு எழுபத்தொன்று. அவரால் நடக்க முடியும். ஆனாலும் போகமாட்டேன் என்கிறார். நானும் அப்படித்தான்.

லியன்தங்கைப் பிடித்துப் போய் ஐம்பது நாள் ஆகிறது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். சுண்ணாம்புக் கட்டியைக் கீழே வைக்கக்கூட விடவில்லையாம். அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் இருக்கும்வரை அவர் உயிரோடு இருக்கிறார் என்று வைத்துக்கொண்டு நாளை ஓட்டுகிறேன்.

நான் எப்படி வாழ்கிறேன் என்று நீ கேட்கவில்லை. நானே சொல்கிறேன். காலையில் மூடுபனி இறங்கியிருந்தால்தான் அடுப்பு மூட்டுவோம். புகை வெளியே தெரியாது. வானம் தெளிந்த நாளில் அடுப்பு கிடையாது, பச்சைச் சோளத்தை மெல்லுவோம். ஆறு அடுப்பு இருக்கிறது. உலையில் போடுமுன் ஒவ்வொரு அடுப்பிலும் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்து என் கூடையில் போட்டுவிடுகிறார்கள். ஊரில் சனிக்கிழமை வீடு வீடாகப் போய் வாங்கி ஆலயத்தில் சேர்ப்பேனே, அதே பழக்கம். யாரும் சொல்லவில்லை. முதல் நாளே கை தானாக எடுத்தது. பானை இல்லாதவர்களுக்கும் அந்தப் பதினொரு பேருக்கும் அதில்தான் கஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையும் உண்டு. முரசு இல்லை, குரலும் இல்லை. உதட்டை மட்டும் அசைத்துப் பாடுகிறோம். முப்பத்து நான்கு பேர் வாயைத் திறந்து மூடுவதை நீ பார்த்தால் சிரிப்பாய். போன வாரம் நடுப்பாட்டில் கீழே பாதையில் பூட்ஸ் சத்தம். வாயைத் திறந்தபடியே எல்லாரும் நின்றுவிட்டோம். ஒரு குழந்தைக்கு இருமல் வந்தது. அதன் தாய் குழந்தையின் முகத்தைத் தன் மார்போடு அழுத்திப் பிடித்த பிடியை என்னால் மறக்க முடியவில்லை. சத்தம் தள்ளிப் போன பிறகு அவள் கையை நான்தான் விடுவித்தேன். குழந்தை பிழைத்தது.

அப்பா அடக்கத்துக்கு நீ ஆள் அனுப்பாததை நான் மறக்கவில்லை. ஆனால் இப்போது அதற்கு என்னிடம் தெம்பு மிச்சம் இல்லை. கீழே வைத்துவிட்டேன். நீயும் வைத்துவிடு.

இவர்களை விட்டு என்னால் வர முடியாது.

ஸோவி

—

வான்முவால்
30 செப்டம்பர்

ஸோவி,

நீ கீழே வைத்துவிட்டதாக எழுதியதை உன் அத்தானுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

இங்கே ஒரு சண்டை. நம் பெண்கள் ஐக்கியத்துக் கைப்பிடி அரிசி ஆலய அறையில் மூட்டையாக இருக்கிறது. அது ஊழியத்துக்கு என்று வருகிற அரிசி, அக்கரைக்காரர்களுக்குக் கொடுக்கலாமா என்று கூட்டம் போட்டார்கள். ஒருத்தி சொன்னாள்: "வர்றவங்களோட காய்ச்சலும் வருது, துப்பாக்கியும் பின்னாலயே வரும். நம்ம பிள்ளைகளுக்கு யார் பதில் சொல்றது?" அவள் கெட்டவள் இல்லை. அவள் சொன்னது எல்லார் வயிற்றிலும் இருந்த பயம்தான். என் வயிற்றிலும் இருந்தது.

நான் கூட்டத்தில் எழுந்து பேசுகிறவள் இல்லை, உனக்குத் தெரியும். "என் தங்கச்சி காட்டுல இருக்கா. அவ கூடையில ஆறு அடுப்பு அரிசிதான் விழுது. ஊழியம்னா எதுன்னு எனக்குச் சொல்லத் தெரியல. அந்தக் கூடை காலியா இருக்கக் கூடாது" என்றேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண்ணே முதலில் எழுந்து சாக்கைப் பிடித்தாள்.

தாரியும் இன்னும் இரண்டு பேரும் சுமந்து வருகிறார்கள். அரிசி, உப்பு, காய்ந்த மீன், காய்ச்சல் மாத்திரை. மாத்திரையை ஈரம் படாமல் வை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன். அந்தப் பதினொரு பேருக்கும் வயதாகிவிட்டது. உனக்கு நாற்பதுகூட ஆகவில்லை. அவர்களைக் கர்த்தர் கையில் விட்டுவிட்டு நீ வந்துவிடக் கூடாதா? எழுதிய பிறகு வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த வரியை அடித்துவிடமாட்டேன். என் மனதில் இருப்பது அதுதான்.

கிமி

—

காட்டில்
9 அக்டோபர்

அக்கா,

அரிசி வந்தது. தாரியின் தோளில் கயிறு வெட்டிய காயத்துக்குத்தான் உன் மாத்திரையில் முதல் ஒன்றைக் கொடுத்தேன்.

நீ கேட்டதற்குக் கோபம் இல்லை. நானும் தினம் அதைக் கேட்டுக்கொள்கிறேன். கேட்டுக்கொண்டே காலையில் கஞ்சி காய்ச்சப் போய்விடுகிறேன்.

இப்போது எழுதப்போவதை வேறு யாருக்கும் படித்துக் காட்டாதே.

ஆறு நாள் முன்னால் ஓடையில் தண்ணீர் எடுக்கப் போனேன். புதரில் ஒரு ஆள் கிடந்தான். படைக்காரன். மேலே நடந்த சண்டையில் தொடையில் குண்டு பட்டு, அவன் ஆட்களே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். வயது நாற்பத்தைந்து இருக்கும், தலை பாதி நரைத்துவிட்டது. புண் நாறியது. துப்பாக்கி இல்லை. என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கிக்கொண்டான். நான் அடிப்பேன் என்று நினைத்தான், அக்கா. என் கையில் இருந்தது ஒரு மூங்கில் குழாய்.

திரும்பிப் போய்விடலாம், யாருக்கும் தெரியாது. இரண்டு நாளில் அவனே செத்துப்போவான். அதையும் நினைத்தேன். பிறகு போய் துவாலாவிடம் சொன்னேன். நான்கு பேர் போய்த் தூக்கி வந்தார்கள்.

எங்கள் கூட்டத்து ரால்தன் கத்தியை எடுத்துவிட்டான். ஜூலையில் அவன் தம்பியைச் சுட்டுப் போட்டார்கள். "இவன் பிழைச்சா நாம இருக்கிற இடத்தைப் போய்ச் சொல்லுவான். செத்தா, தேடிட்டு வர்றவன் நம்மளைக் கொல்லுவான். ரெண்டும் ஒண்ணுதான். நான் முடிச்சிடறேன், நீங்க யாரும் பார்க்க வேண்டாம்" என்றான்.

துவாலா, "சரிப்பா. ஆனா நாங்க பார்ப்போம். கண்ணை மூடிக்க மாட்டோம்" என்றார்.

ரால்தன் கத்தியை மூங்கிலில் ஓங்கிக் குத்திவிட்டுப் போனான்.

எதிரிக்குச் சோறு போடுவது பற்றி வேதத்தில் இருப்பது எங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ஒருவரும் அதை வாயில் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் நான் எழுந்து போயிருப்பேன். கஞ்சி காய்ச்சுகிறவள் நான், கூடை என்னிடம் இருக்கிறது, அதனால் ஒரு கிண்ணம் அவனுக்கும் ஊற்றினேன். பாதிக் கஞ்சி அவன் மார்பில் கொட்டியது. அடுத்த நாள் காலையில் ஆறு அடுப்பில் இரண்டு அடுப்பிலிருந்துதான் அரிசி வந்தது. நேற்று நான்கு. ரால்தன் அடுப்பிலிருந்து இன்னும் வரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

அவன் பெயர் நியோ. எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் பர்மியம் இருக்கிறது. "லியன்தங் என்ற வாத்தியாரைத் தெரியுமா?" என்று கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினான். ஆட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

ஸோவி

—

வான்முவால்
15 அக்டோபர்

ஸோவி,

என்ன காரியம் செய்து வைத்திருக்கிறாய்? உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே காய்ச்சல் மாதிரி உடம்பில் ஏறுகிறது.

பாம்பை மடியில் வைத்திருக்கிறாய். அவன் புண் ஆறட்டும், ஒரு நாள் நீ கண் விழிக்கும்போது அவன் இடம் காலியாக இருக்கும். அதற்கடுத்த நாள் என்ன நடக்கும் என்று என்னால் நினைக்கவே முடியவில்லை. ரால்தன் சொன்னதுதான் சரி என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. நீ செய்தது சரி என்று எழுதவும் வரவில்லை.

நேற்று காலையில் உலை வைக்கும்போது வழக்கம்போல் ஒரு கைப்பிடி எடுத்தேன். எடுக்கும்போது ஒரு வார்த்தை ஜெபம் சொல்வோமே, அது வாயில் வரவில்லை. இந்தப் பிடி அந்த மனுஷன் வாய்க்கும் போகும் என்று தெரிந்துவிட்டது அல்லவா? அரிசியைத் திரும்பப் பானையில் போட்டுவிட்டேன். உன் அத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன, இன்னைக்கு இல்லையா?" என்றார். "இருக்கு இருக்கு" என்று சொல்லி மறுபடி எடுத்தேன். ஜெபம் இல்லாத பிடி அது. ஆனாலும் போட்டேன். இதற்கு மேல் என்னால் முடியாது, நீ கோபித்துக்கொண்டாலும் சரி.

தாரி இதுதான் கடைசி நடை என்கிறாள். ஓடைப் பாதையில் ஆட்களின் நடமாட்டம் தெரிகிறதாம். இந்தப் பக்கமும் ஆற்றை மூடப்போகிறார்கள் என்று பேச்சு. மூடிவிட்டால் உனக்கு என்ன ஆனது என்று எனக்கு யார் சொல்வார்கள்?

எல்லாரையும் தூக்கிக்கொண்டாவது வந்துவிடுங்கள். கிழவர்களை விட்டுவிட்டு வா என்று இனிமேல் சொல்லமாட்டேன்.

அப்பா விஷயம். நீ கீழே வைத்துவிட்டாய், சரி. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லையே. கேட்கிறேன்.

கிமி

—

வான்முவால்
27 அக்டோபர்

ஸோவி,

கொண்டுபோக ஆள் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். தாரி திரும்பி வந்து ஒன்பது நாள் ஆகிறது. என் கடிதத்தை உன் கையில் கொடுத்ததாகச் சொன்னாள், நீ ஒன்றும் எழுதித் தரவில்லை என்றாள். நேற்று மதியம் உங்கள் பக்கத்திலிருந்து ஒரு வெடிச் சத்தம். ஒன்றே ஒன்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. நான் ஆற்றங்கரைக்கு ஓடினேன், காவலுக்கு நிற்கிறவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

கிமி

—

ஆற்றங்கரைப் பள்ளி
2 நவம்பர்

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். உன் பக்கத்துக் கரையில் இருக்கிறேன். நேற்று நீ வேலிக்கு வெளியே நின்று அழுததைப் பார்த்தேன். அத்தனை பேர் நடுவில் கத்திப் பேச முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் தேதி படை பள்ளத்தாக்கின் மேல்முனைக்கு வந்துவிட்டது. அடுத்த நாள் காலை மூடுபனியில் கிளம்பிவிடுவது என்று முடிவு. ஆற்றுக்கு எல்லாரும் போகிற ஓடைப் பாதையில்தான் போவதாக இருந்தோம். நியோ என்னைக் கூப்பிட்டான். "அந்த வழியா போகாதீங்க. வாழைத் தோப்புக்கு அப்புறம் கண்ணிவெடி இருக்கு. போன வாரம் பதிச்சிருப்பாங்க. எங்க பதிப்பாங்கன்னு எனக்குத் தெரியும், அந்த வேலைதான் நான் பார்த்தேன்" என்றான். மண்சரிந்த மேட்டுப் பாதையில் போகச் சொன்னான். அங்கேயும் மூன்று இடத்தில் ஒதுங்க வேண்டும், தானே காட்டுவதாகச் சொன்னான்.

ரால்தன் சிரித்தான். "மேட்டுப் பாதை நேரா அவனோட ஆளுங்க கிட்டதான் போகும். நம்புறவங்க நம்புங்க. அவனை முன்னால தூக்கிட்டுப் போங்க. பொய்னா முதல்ல அவன் போகட்டும்" என்றான். தான் ஓடைப் பாதையில் போவதாகச் சொல்லிவிட்டான். துவாலா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார். உதறிவிட்டான். கிளம்பும்போது தன் பையிலிருந்து ஒரு பிடி அரிசி எடுத்து என் கூடையில் போட்டான். "கிழங்களுக்கு. அவனுக்கு இல்லை" என்றான்.

நியோவைத் தார்ப்பாயில் வைத்துக் கட்டிய மூங்கில் கழிக்கு ஒருவரும் தோள் கொடுக்க முன்வரவில்லை. முன்னால் போகிறவர்தான் முதலில் மிதிப்பார். முன்பக்கத்தை நான் எடுத்தேன். எனக்கு வீரம் ஒன்றும் இல்லை, அக்கா. பதினொரு பேரையும் தூக்க ஆள் வேண்டும், மிச்சம் இருந்தது நானும் துவாலாவும்தான். அவர் பின்பக்கம் பிடித்தார். ஒவ்வொரு அடி வைக்கும்போதும் குதிகாலில் ஆரம்பித்து உச்சந்தலைவரை ஜில்லென்று ஏறும். பனியில் இரண்டு முழத்துக்கு அப்பால் தெரியாது. "நில்லு" என்பான், நிற்போம். "இடது பக்கம், அந்தக் கல்லு மேல" என்பான், கல்லின் மேல் வைப்பேன். பின்னால் வந்தவர்கள் நான் வைத்த இடத்திலேயே கால் வைத்தார்கள். உதடு மட்டும் அசைகிற அந்தப் பாட்டை எல்லாரும் பாடிக்கொண்டு வந்தார்கள் என்று பிறகு சொன்னார்கள். எனக்குத் திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

மதியம் ஆற்றுக்கு மேலே இருந்த பாறையில் இறக்கி வைத்தபோது கீழே ஓடைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. நீ கேட்டாயோ இல்லையோ. நியோ இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டான். ரால்தனை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

மிச்ச நாளெல்லாம் அந்தப் பாறைக்கு அடியில் ஒரு குகையில் ஒளிந்திருந்து, முந்தாநாள் காலையில்தான் கடந்தோம். முப்பத்து மூன்று பேரும் நியோவும்.

இனி எழுதப்போவதற்காகத்தான் இந்தக் கடிதமே.

நேற்று கஞ்சி ஊட்டப் போனபோது நியோ முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீங்க கேட்ட வாத்தியார். தெரியாதுன்னு சொன்னேன். தெரியும்" என்றான். பிடித்துப் போன பத்தாம் நாள் லியன்தங் இறந்துவிட்டார். அன்றைக்குக் காவல் இவன். அவர் தண்ணீர் கேட்டிருக்கிறார். இவன் இடுப்பில் தண்ணீர் இருந்திருக்கிறது. "மேலதிகாரி பார்த்திருவாரோன்னு பயந்தேன். கொடுக்கல. ரெண்டாவது தரமும் கேட்டார். பயந்தேன்" என்றான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

நான் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். நேற்று மாலை துவாலா ஊட்டினார். இன்று காலையும் அவரே.

புண்ணின் விஷம் ஏறி அவனுக்குக் கையெல்லாம் வீங்கிவிட்டது, யாராவது ஊட்டித்தான் ஆக வேண்டும். இந்த அறையில் கூடை என்னுடையது. நாளைக்கு நான் போகாவிட்டால் இனி எப்போதும் போகமாட்டேன் என்று தெரிகிறது. போனால் அந்தக் கஞ்சியை அவன் முகத்தில் ஊற்றிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. கண்ணிவெடிப் பாதையில் இவ்வளவு பயம் இல்லை. அங்கே கால் வைக்க இடம் காட்ட அவன் இருந்தான்.

எனக்காக ஜெபம் பண்ணு என்று கேட்கவில்லை. நீ இங்கே வர முடியுமா? உள்ளே வந்தால் பதினான்கு நாள் வெளியே விடமாட்டார்கள். இந்த அறையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல் வேறு. வர முடியாவிட்டால் புரிந்துகொள்வேன்.

ஸோவி

—

பள்ளி வாசல்
3 நவம்பர், காலை

ஸோவி,

உன் கடிதம் ஐந்து மணிக்கு வந்தது. உன் அத்தானிடம் லியன்தங் விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் என் போர்வையை மடித்துக் கையில் கொடுத்தார்.

காவலுக்கு நிற்கிறவர், "உள்ள போனா போனதுதான் அக்கா, நல்லா யோசிச்சுக்கோங்க" என்கிறார். யோசித்தால் திரும்பி ஓடிவிடுவேன், அதனால் யோசிக்கவில்லை. பெயரை எழுதிக்கொண்டிருக்கிறார். அதற்குள் இந்தக் காகிதத்தை முதலில் உள்ளே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ திடுக்கிடாமல் இருக்க.

அவனிடம் என்ன சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீ மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கமாட்டேன், நீயும் என்னைக் கேட்காதே.

அடுப்பை மூட்டியிருந்தால் கஞ்சியை இறக்காதே, வருகிறேன். நீ ஊட்டு. கிண்ணத்தை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அக்கா